சண்டே தீவில் ஒரு புதன்கிழமை

சில்லிகாத்தி, ஓஹாயோ
மே 19

பாசத்துக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மைத்துனி நேடீனுக்கு,

உன் அக்கா புருஷன் ஹார்லன் எழுதுவது. இங்கே நானும் வெர்னாவும் சுகம். உன் முழங்காலில் போட்ட ஊசி வேலை செய்கிறதா, உங்கள் ஊர் மன்சியில் குளிர் விட்டதா, உன் பூனை மறுபடி சாப்பிட ஆரம்பித்ததா என்றெல்லாம் அறிய ஆசை. அந்தப் பூனையை எனக்குப் பிடிக்காது என்பது உனக்கும் பூனைக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பது மரியாதை, கேட்டுவிட்டேன்.

இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ முப்பத்தாறு வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவள். நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூன்று கேள்வி கேட்பாய், நான்காவது கேள்வியில் நானே என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவேன். கடிதத்தில் குறுக்கே பேச ஆள் இல்லை. ஈஸ்டர் அன்று உன் சமையலறையில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். நான் பன்றித்தொடையை வெட்டிக்கொண்டிருந்தேன், கத்தி கையில் இருக்கும்போதே நீ பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாய். நினைவு தப்பிப்போகிறவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதியின் சேர்க்கைத் தாள். வெர்னாவின் பெயர், பிறந்த தேதி எல்லாம் உன் அழகான கையெழுத்தில் ஏற்கனவே நிரப்பியிருந்தது. என் கையெழுத்துக்கு மட்டும் ஒரு கோடு காலியாக இருந்தது.

"ஒரே ஒரு நாள் குடு நேடீன். அவ கடலைப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்கா. கூட்டிட்டுப் போய், ஒரு சின்ன அசம்பாவிதம்கூட இல்லாம கூட்டிட்டு வரேன். வந்துட்டா இதைக் கிழிச்சுப் போடு" என்றேன்.

"ஏதாவது ஒண்ணு நடந்தா?"

"நடந்தா கையெழுத்துப் போடறேன்."

நீ அதையும் மளிகைச் சீட்டின் பின்பக்கம் எழுதி, தேதி போட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாய். ஆகையால் இதை நீ கடிதமாக எடுத்துக்கொண்டாலும் சரி, வாக்குமூலமாக எடுத்துக்கொண்டாலும் சரி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் நடக்கவில்லை. மற்றதை விளக்கமாக எழுதுகிறேன்.

நான் முப்பத்தோரு வருஷம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு அறுபத்துநாலு மஞ்சள் பஸ்களை நேரம் பார்த்து அனுப்பியவன். அத்தனை வருஷத்தில் தொலைந்த பிள்ளை ஒன்றே ஒன்றுதான், அதுவும் கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவன் ஒரு கடற்கரை நாளைத் திட்டமில்லாமல் விடுவேனா? நாங்கள் போன உல்லாசக் கப்பல் ஒரு பகல் நிற்கும், அந்தக் கம்பெனிக்கே சொந்தமான தீவின் வரைபடத்தை, சீட்டு வாங்கிய ஜனவரியிலேயே எடுத்து சாப்பாட்டு மேசையில் ஒட்டிவிட்டேன். எட்டு மணிக்குக் கப்பலைவிட்டு இறங்குவது, எட்டு இருபதுக்கு, குளிக்கிறவர்களைக் கண்காணிக்கும் மூன்றாவது காவல் கோபுரத்துக்கு இடதுபக்கம் மூன்றாம் வரிசையில் நிழலோடு இரண்டு நாற்காலி, ஒன்பதுக்கு வெயில் களிம்பு, ஒன்பதேகாலுக்கு முழங்கால் அளவு தண்ணீர், பத்தரைக்குக் கழிப்பறை, பதினொன்று நாற்பதுக்குச் சாப்பாடு, மூன்றரைக்கு மறுபடி கப்பலில். இதை அட்டையில் அடித்து, லேமினேட் செய்து, ஆளுக்கொன்றாகக் கழுத்தில் மாட்டியிருந்தோம். வெர்னாவின் அட்டையின் பின்பக்கம் அறை எண்ணும் என் பெயரும் எழுதியிருந்தேன். அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதே, கப்பலில் பாதிப் பேர் கழுத்தில் ஏதோ ஒரு அட்டையோடுதான் அலைகிறார்கள்.

ஒரே ஒரு விஷயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தீவின் பெயர் சண்டே தீவு. நாங்கள் போய்ச் சேர்ந்தது புதன்கிழமை. அந்தக் கப்பலில் லிஃப்டின் தரையில் தினம் ஒரு கம்பளம் விரிக்கிறார்கள், அதில் அன்றைய கிழமை கொட்டை எழுத்தில் இருக்கும், லீவில் வந்தவர்களுக்குக் கிழமை மறந்துபோவதால் அந்த ஏற்பாடு. அதற்கு மேலே சுவரில் தீவுக்கு விளம்பரமாகப் பெரிய படம், 'இன்று சண்டே' என்று. ஒலிபெருக்கியில் வேறு ஒருவன் எல்லாருக்கும் இனிய சண்டே வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். வெர்னா லிஃப்டில் நின்று கீழே பார்த்தாள், மேலே பார்த்தாள்.

"ஹார்ல், தரை புதன்கிழமைங்குது, சுவரு ஞாயித்துக்கிழமைங்குது."

"புதன்தான்."

"தரையில எழுதறதை எல்லாரும் மிதிக்கிறாங்க. நான் சுவரை நம்பறேன்" என்றாள்.

அறைக்குத் திரும்பிப் போனவள் பதினைந்து நிமிஷம் கழித்து வெளியே வந்தாள். நீல கவுன், வெள்ளைக் காலர், முத்து மாலை, முழுக் காலுறை, கைப்பை. சர்ச்சுக்குப் போகிற முழு அலங்காரம். கடலில் குளிக்கப் போகிறோம் என்று நினைவூட்டினேன். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறதுக்கு முன்னாடி யாராவது கடல்ல குளிப்பாங்களா?" என்று கேட்டாள். நேடீன், இது அசம்பாவிதம் இல்லை. உடை என்பது அவரவர் விருப்பம். கடற்கரையில் அன்று நான் பார்த்த சில உடைகளுக்கு உன் அக்காவின் கவுன் எவ்வளவோ தேவலாம். திட்டத்தில் பதினைந்து நிமிஷம் போனதுதான் எனக்குக் கஷ்டம்.

அதனால் மூன்றாம் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு முப்பத்தைந்து. எல்லா நாற்காலியிலும் துண்டு. ஆள் ஒருவர்கூட இல்லை. கப்பல் பயணிகளில் இந்த ஜாதி ஒன்று உண்டு. கதவு திறந்ததும் ஓடி வந்து, நல்ல நாற்காலியில் துண்டை விரித்து, ஒற்றைச் செருப்பையும் பாதி படித்த நாவலையும் அதன்மேல் வைத்துவிட்டு, கப்பலுக்கே திரும்பிப் போய் நிதானமாக முட்டை சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு வருவார்கள். இதற்குச் சட்டம் இருக்கிறது. ஆளில்லாத துண்டின்மேல் கடற்கரைப் பணியாள் நேரம் குறித்த சீட்டு ஒட்டுவார், நாற்பது நிமிஷத்தில் ஆள் வராவிட்டால் துண்டைத் தூக்கிவிடுவார். இவ்வளவு அருமையான சட்டத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. எங்களுக்கு வாய்த்த பணியாள் பஹாமாஸ்காரர், சட்டையில் ரோல் என்று பெயர் குத்தியிருந்தது. கிளி வடிவத்தில் பிளாஸ்டிக் கிளிப் மாட்டிய இரண்டு துண்டுகளை எட்டு ஐம்பதுக்கு அவருக்குக் காட்டினேன்.

"இதுக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு."

"முப்பத்தெட்டு ஆச்சு சார்."

"நான் நிக்கறேன்."

கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிஷம் நின்றேன். ரோலும் நின்றார். "சார், நீங்க லீவுல வந்திருக்கீங்களா, டூட்டில வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். நேரம் முடிந்ததும் கிளிகளைக் கழற்றித் துண்டுகளைச் சுருட்டிக்கொண்டு போனார். நாங்கள் உட்கார்ந்தோம். சட்டத்தை மதிக்கிறவனுக்குக் கிடைக்கும் நிம்மதியோடு வெர்னாவின் மூக்கில் களிம்பு தடவினேன்.

ஒன்பதேகாலுக்குத் தண்ணீர். இதை நீ கவனமாகப் படிக்க வேண்டும். காலுறையைக் கழற்றிவிட்டு, கவுனை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, கைப்பையை முழங்கையில் மாட்டியபடியே இறங்கினாள். முழங்கால் என்று திட்டம், அலை இடுப்புவரை நனைத்துவிட்டது. அவள் சிரித்தாள். இரண்டு வருஷமாக வீட்டில் அவள் சிரிப்பது எதிரே இருப்பவர் சிரிப்பதைப் பார்த்துத்தான், என்ன நகைச்சுவை என்று தெரியாமல். இது அப்படி இல்லை. யாரும் சிரிக்காதபோது தானாகச் சிரித்தாள்.

"இந்தத் தண்ணி அந்த டாக்டரை மாதிரி என்னை ஒண்ணும் கேக்க மாட்டேங்குது பாரு ஹார்ல். இன்னிக்கு என்ன தேதி, பின்னாலேர்ந்து எண்ணு, கடிகாரம் வரைஞ்சு காட்டு, ஒண்ணும் கேக்கல" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த நிமிஷம் போதும் என்று இருந்தது. அப்போதே கப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் என்னிடம் அட்டை இருந்தது, அதில் இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.

பத்தரைக்குக் கழிப்பறை. பெண்கள் பகுதிக்குள் நான் போக முடியாது. இந்த நோய்க்காரர்களின் புருஷன்மார் எல்லாருக்கும் தெரிந்த சங்கடம் இது, கதவுக்கு வெளியே பெண்டாட்டியின் கைப்பையோடு அசட்டு முகமாக நிற்க வேண்டும். அன்று கைப்பை அவளிடமே இருந்தது, கால் துடைக்க என் துண்டையும் தோளில் போட்டுக்கொண்டு போனாள். பத்து நிமிஷம் நின்றேன். பதினைந்து. வெளியே வந்த ஒரு பெண்மணியிடம் உள்ளே நீல கவுன் போட்ட அம்மா இருக்கிறாரா என்று கேட்டேன். மறுபடி உள்ளே போய்ப் பார்த்து, "உள்ள யாருமே இல்லைங்க. அந்தப் பக்கக் கதவு வழியா போயிருப்பாங்க" என்றார். நேடீன், அந்தக் கட்டடத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கதவு இருந்தது. நான்கு மாதம் என் சாப்பாட்டு மேசையில் கிடந்த வரைபடத்தில் அந்தக் கதவு இல்லை.

இதை நீ படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். போகட்டும், மேலே படி. நான் செய்ததில் மோசமானது அவளைத் தொலைத்தது இல்லை. தொலைந்ததை இருபத்திரண்டு நிமிஷம் யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் மோசம். பஸ் அனுப்பும் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பதிவேட்டில் எழுதினால்தான் சம்பவம், எழுதும்வரை அது வெறும் தாமதம். நான் சொன்னால் யாராவது எழுதுவார்கள், எழுதினால் அது அசம்பாவிதம், அசம்பாவிதம் என்றால் உன் தாளில் என் கையெழுத்து. அதனால் வாயை மூடிக்கொண்டு, சும்மா உலாத்துகிறவன் மாதிரி, ஒவ்வொரு வரிசையாக நடந்தேன். ஓடவில்லை, ஓடினால் கேட்பார்களே. பானம் விற்கும் இடம், கைப்பந்து விளையாடும் இடம், ட்ராம் நிற்கும் இடம் எல்லாம் பார்த்தேன். கடலை மட்டும் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், கண் அங்கேயே போயிற்று. தண்ணீரில் நீலமாக எது தெரிந்தாலும் அது கவுனா என்று உற்றுப் பார்த்தேன். அவளை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அவளைத் தேட ஆள் கூப்பிடாமல் இருந்தேன் நேடீன். இதை வேறு யாரிடமும் நான் சொல்லப்போவதில்லை.

கடைசியில் காவல் கோபுரத்தில் இருந்த பெண்ணிடம் போனேன். பேத்தி வயது இருக்கும்.

"கடைசியா எங்க போறதா சொன்னாங்க சார்?"

"சர்ச்சுக்கு."

"இங்க சர்ச் இல்லையே."

"எனக்குத் தெரியும்மா. அவளுக்குத் தெரியாது."

அந்தப் பெண் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஊதலை எடுத்து ஊதினாள். தண்ணீரில் இருந்தவர்களை எல்லாம் கரையேறச் சொல்லி, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு அலைக்குள் அனுப்பினாள். அவர்கள் முக்கால் மணி நேரம் முங்கி முங்கி எழுவதை நின்று பார்த்தேன். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. இதற்கிடையில் ஒலிபெருக்கிக்காரனிடமும் தகவல் போயிற்று. அவனுக்கு விளையாட்டு நடத்தும் குரல் ஒன்றுதான் தெரியும்போலிருக்கிறது. "ஓஹாயோவிலேர்ந்து வந்த வெர்னா எங்க இருந்தாலும் ஓடி வாங்க, கோபுரத்துக்கிட்ட ஒரு அழகான ஆம்பளை உங்களுக்காகக் காத்துட்டிருக்காரு" என்று அறிவித்தான். கடற்கரை முழுக்கக் கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். டிரம் வாசிக்கிறவர்கள் காதல் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார்கள். மூக்கில் வெள்ளைக் களிம்போடு அந்த அழகான ஆம்பளை நின்றுகொண்டிருந்தான். வெர்னா வரவில்லை.

வந்தது ரோல். மணல் தெறிக்க ஓடி வந்தார்.

"சார், நீல கவுன், முத்து மாலை, கைப்பை, சரியா? சாப்பாட்டுப் பக்கம் ஒரு கும்பல் ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிட்டுட்டிருக்கு, அங்க இருக்காங்க. நான் அரை மணி முன்னாடியே பாத்தேன். தொலைஞ்சவங்கன்னு தோணவே இல்லை சார். அந்தக் கும்பல்லயே அவங்கதான் சந்தோஷமா இருந்தாங்க."

அந்தப் பக்கக் கதவு வழியாக வெளியே வந்தவள், நாற்பது பேர் தலைகுனிந்து நின்று ஜெபம் செய்வதைப் பார்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, ஜெபம், நீளமான மேசை, கோழிக்கறி. சர்ச் விருந்து என்று நினைத்துப் போய்ச் சேர்ந்துகொண்டாள். இதில் அவள்மேல் என்ன தப்பு? நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அவர்கள் ஜார்ஜியா மேக்கனிலிருந்து வந்த கேட்ஸ்டன் குடும்பம், சொந்தக்காரர்கள் எல்லாரும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூடுவார்களாம், ஆளுக்கொரு மஞ்சள் டீ-ஷர்ட் போட்டிருந்தார்கள். எல்லாரும் கறுப்பின மக்கள். நடுவில் மாவு மாதிரி வெளுத்த உன் அக்கா, சர்ச் கவுனுக்கு மேலே அதே மஞ்சள் டீ-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, தட்டில் விலா எலும்போடு உட்கார்ந்திருந்தாள். லவான் கேட்ஸ்டன் என்ற அம்மையார்தான் அவர்களுக்குத் தலைவி. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"உங்க வீட்டம்மாவா? எங்க ரூஃபஸ் மாமா வழியில வந்த சொந்தம்னு நினைச்சுட்டோம்" என்றார் முகம் மாறாமல். "எந்தக் குடும்பத்துலதான் வெளிய சொல்லாத கிளை இல்ல?"

பிறகு குரலைத் தாழ்த்தி, "கழுத்துல அட்டையைப் பாத்தேன் தம்பி. ஆள் அனுப்பியிருக்கேன், உங்களைத் தேட. ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் தேடியிருக்கோம்" என்றார்.

வெர்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி காலியாக இருந்தது. அதில் என் துண்டு நான்கு மூலையும் சரியாக விரித்திருந்தது. நேராகப் போய் அதில் உட்காரப் பார்த்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"மன்னிக்கணும் சார், இங்க ஆள் இருக்காங்க. என் வீட்டுக்காரர் இடம்."

நாற்பத்தொன்பது வருஷத்தில் என்னை அவள் சார் என்று கூப்பிட்டது இதுதான் முதல்முறை. கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப மரியாதையாகச் சொன்னாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எங்க போயிருக்காரு?" என்று கேட்டேன்.

"பஸ்ஸெல்லாம் அனுப்பிட்டு வருவாரு. மழைன்னா கொஞ்சம் லேட்டாகும்."

"எப்படி இருப்பாரு? பாத்தா சொல்றேன்."

"உயரமா இருப்பாரு. கறுப்பு முடி. எப்பவும் கடிகாரத்தைப் பாத்துட்டிருப்பாரு."

"நல்ல மனுஷனா?"

"நேரத்துக்கு வந்துடுவாரு" என்றாள். என் கேள்விக்கு அது பதில் இல்லை.

அப்போது பார்த்து ஒருவன் இரண்டு தட்டில் சாப்பாட்டோடு வந்து, அந்த நாற்காலி யாருடையது என்று ரோலைக் கேட்டான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பார்த்தவன் முகத்தில் விளக்கு எரிந்தது. அவன் சட்டைப் பையில் இரண்டு பிளாஸ்டிக் கிளிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஓ, நீங்களா? காலையில என் துண்டுக்குப் பக்கத்துல நின்னு நிமிஷம் எண்ணினவருன்னு பணியாளுங்க உங்களைத்தான் காட்டினாங்க. இந்தத் துண்டுல சீட்டு ஒட்டி எவ்வளவு நேரம் ஆச்சு? ஒரு மணி நேரம்? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

ரோல் சீட்டைப் பார்த்தார். கிளிக்காரன் சொன்னது சரி. வெர்னா எழுந்து துண்டின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "எடுக்காதீங்க. அவரு லேட்டா வந்திருக்காரு, வராம இருந்ததே இல்ல" என்றாள். மேசையில் நாற்பது பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அருமையான சட்டம் என்று மேலே சொன்னேனே, அந்தச் சட்டத்தைப் போட்டவன் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று அப்போது எனக்கு இருந்தது.

"எடுக்காதீங்க ரோல். அந்த ஆளை எனக்குத் தெரியும். வருவான்" என்றேன்.

ரோல் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்தார். பையிலிருந்து புதுச் சீட்டு எடுத்து, கடிகாரத்தைப் பார்த்து, நேரம் எழுதி ஒட்டினார். "இப்பதான் பாத்தேன் சார் இந்தத் துண்டை. நாப்பது நிமிஷம் இருக்கு" என்று கிளிக்காரனிடம் சொன்னார். அவன், ஓஹாயோக்காரர்கள் எல்லாருமே இப்படித்தானா என்று முணுமுணுத்துக்கொண்டு போனான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் நாற்காலிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். லவான் ஒரு தட்டை மடியில் வைத்துவிட்டுப் போனார், அதை அப்படியே வைத்திருந்தேன். வெர்னா என்னோடு பேசிக்கொண்டிருந்தாள், பஸ் பயணத்தில் பக்கத்து சீட்டுக்காரனோடு பேசுகிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "அவருக்கு என்னைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு சார். காட்டிக்க மாட்டாரு. எனக்குத் தெரியும்" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மணலில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவன் அதை எப்படிச் சொல்வது? நாற்பது நிமிஷம் முடிந்ததும் ரோல் வந்து இன்னொரு புதுச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒன்று இருபத்தைந்துக்கு அவள் என்னைக் குனிந்து பார்த்தாள்.

"ஹார்ல், மணல்ல எதுக்கு உக்காந்திருக்க? உனக்கு எடம் புடிச்சு வச்சிருக்கேனே, தெரியல?"

ஏறி உட்கார்ந்தேன். அழுதேன் என்று லவான் உன்னிடம் சொன்னால் நம்பாதே. அவருக்கு உன் போன் நம்பரை வெர்னா கொடுத்திருக்கிறாள், அடுத்த சங்கமத்துக்கு உன்னையும் அழைத்திருக்கிறார்கள்.

மூன்றரைக்குக் கப்பல். ட்ராம் கூட்டத்தில் ஏற முடியாமல் நடந்தோம், கடைசியில் ஓடினோம். தாமதமாக ஓடி வருகிறவர்களைக் கப்பலின் மாடங்களில் நின்று கைதட்டி வேடிக்கை பார்ப்பது அங்கே ஒரு பொழுதுபோக்கு. நூற்றுக்கணக்கில் நின்று கத்தினார்கள். வெர்னா உப்புப் படிந்த கவுனும் மஞ்சள் டீ-ஷர்ட்டுமாக எல்லாருக்கும் கையசைத்துக்கொண்டே வந்தாள்.

"யாருக்குக் கல்யாணம்?" என்று என்னைக் கேட்டாள்.

"நமக்குத்தான்" என்றேன். ஆறு நிமிஷம் மிச்சம் இருந்தது.

ஆகக் கூட்டிப் பார். உன் அக்கா கழிப்பறைக்குப் போக வேண்டிய நேரத்தில் போனாள். சாப்பிட வேண்டிய நேரத்தில் சாப்பிட்டாள். கப்பல் ஏற வேண்டிய நேரத்துக்கு முன்னால் ஏறினாள். அட்டையில் இருந்ததெல்லாம் நடந்தது, வரிசை மட்டும் கொஞ்சம் மாறியது. காயம் இல்லை, பொருள் இழப்பு இல்லை, ஒரு டீ-ஷர்ட் லாபம். பதிவேட்டில் எழுதும்படி ஒன்றும் இல்லை. என்மேல் உனக்குக் கோபம் வரலாம், வரட்டும். அவள் என்னை அடையாளம் தெரியாமல் இருந்தது ஒரு மணி இருபது நிமிஷம். அந்த நேரத்திலும் எனக்காகத்தான் இடம் பிடித்து வைத்திருந்தாள். அப்படிப்பட்டவளை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் விட என்னால் ஆகாது. தாளைக் கிழித்துவிடு. கிழித்ததை உறையில் போட்டு அனுப்பு, உன்னை நம்பாமல் இல்லை, கண்ணால் பார்த்தால் நல்லது.

உன் முழங்கால் நன்றாக வளையட்டும், தோட்டத்தில் தக்காளி நன்றாகக் காய்க்கட்டும், பூனைக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கட்டும் என்று கடவுளை வேண்டும்,

உன் அக்கா புருஷன்
ஹார்லன் டட்டில்

பின்குறிப்பு:

நேடீன், இது நான், வெர்னா. உறை ஒட்டாமல் மேசையில் கிடந்தது. ஹார்லன் வெளியே புல் வெட்டிக்கொண்டிருக்கிறார், இயந்திரச் சத்தம் கேட்கிறது. இரண்டு தடவை படித்தேன். இதில் வரும் தீவு எனக்கு நினைவில்லை, மஞ்சள் டீ-ஷர்ட் இங்கே கொடியில் காய்கிறது, அதனால் நிஜமாகத்தான் இருக்க வேண்டும். நீல கவுன் போட்ட அந்தப் பொம்பளை யாரென்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் மணலில் உட்கார்ந்திருந்த ஆளை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

அவரிடம் நீ சொல்லிவிடவில்லை என்பது இதைப் படித்தபோது தெரிந்தது. அந்தத் தாளை வாங்கி வரச் சொன்னது நான்தான் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. பழியை எல்லாம் நீயே சுமந்துகொண்டாய், அதற்கு நன்றி.

கிழிக்காதே. கிழித்திருந்தால் இன்னொன்று வாங்கு. அவருடைய கோடு காலியாகவே இருக்கட்டும், என்னைக் கேட்டால் என் கையெழுத்து போதும். இந்தக் கடிதத்தை நானே வாசல் தபால்பெட்டியில் போட்டு, தபால்காரர் எடுத்துப்போகப் பெட்டியின் சிவப்புக் கொடியைத் தூக்கிவிடுகிறேன்.

தாளோடு வரும்போது காலை பத்து மணிக்கு முன்னால் வா. அந்த நேரத்தில் நான் பெரும்பாலும் நானாக இருக்கிறேன்.